பேரு தெரியாதுன்னு பேரு வெட்டின தூக்குச்சட்டி

அறுபது பேரு பத்தாதுன்னா எப்படிப் பத்தாது? நீ மெட்ராஸ்ல சர்வே கம்பெனியில இருக்க. ஆயிரம் பேரு, ரெண்டாயிரம் பேருன்னு போன் போட்டுக் கேக்க. அதுல எத்தன பேரு உண்மையச் சொல்லுதான்? "வண்டி ஓட்டிட்டு இருக்கேன்"னு வச்சிருவான். ரெஜினா அறுபது பேருகிட்டதான் கேட்டா. தூக்குச்சட்டி குடுத்துக் கேட்டா. பதிலெல்லாம் சட்டியிலயே வந்துச்சு, மூடியத் திறந்து திறந்து பாத்துக்கிட்டா. தென்காசிக்காரி பதிலத் திறந்ததுல சேலை பூரா நனைஞ்சு, அவளுக்குச் சளி பிடிச்சதுதான் மிச்சம்.

குறுக்க பேசாத. மொதல்ல இருந்து சொல்லுதேன்.

ரெஜினா தூத்துக்குடியில இருந்துக்கிட்டு கருவாட்டப் பத்திப் பிளாகு எழுதுவா. வேற எதப் பத்தியும் எழுத மாட்டா. நெத்திலி காயும்போது ஏன் வளையுது, சாளையக் காயப் போட்டா காக்காகிட்ட என்ன பேசணும், பக்கத்து வீட்டுக்குத் தெரியாம வாளைய எப்படி வறுக்கது, இப்படி. மாடியில ஒரு சின்ன ரூமு. ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஜன்னல் வழியா உப்புக்காத்து. அங்க உக்காந்தாத்தான் அவளுக்கு எழுத்து வரும். ஒருதரம் கீழ அடுப்படியில உக்காந்து எழுதிப் பாத்தா. எழுதினது எல்லாம் பலசரக்குச் சீட்டா மாறிருச்சு.

புருசன் தனசிங் பைப்புக் கடை வச்சிருக்கான். தங்கமானவன், கருவாட்டு வாசம் மட்டும் ஆகாதும்பான். அவன் அம்மா பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லிட்டா, "எம்மவனுக்கு அந்த வாடை ஆகாது"ன்னு. அந்த அம்மா கதை தெரியுமா உனக்கு? பாளையங்கோட்டையில ஒரு கல்யாண வீட்டுல செருப்பு மாத்திப் போட்டுட்டா. அந்தச் செருப்பு நேரா அதுக்குச் சொந்தக்காரி வீட்டுக்கு நடந்து போயிருச்சு, இவளயும் கூட்டிக்கிட்டு. மூணு மாசம் அங்கதான் இருந்தா. நல்லாக் கவனிச்சுக்கிட்டாங்களாம், மீன்கொழம்புதான் கொஞ்சம் புளிப்பு தூக்கலுன்னா. அது கெடக்கட்டும்.

தனசிங் புதுசா ஒரு வாஷிங் மெசினு வாங்கினான். கீழ வைக்க இடமில்ல.

"ரெஜினா, மாடி ரூமக் காலி பண்ணிக் குடு."

"அங்க நான் எழுதுதேன்லா அத்தான்."

"ஆமா, எழுதிக் கிழிச்ச. யாரு படிக்கா? கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னாரு, பிளாகுக்கு வந்து போறது பூரா மெசினாம். ஆளே கிடையாதாம்."

"அறுபது பேருன்னு காட்டுது."

"அறுபதும் மெசின்தான். மெசினுக்காகத்தான் எழுதுதன்னா, ரூம மெசினுக்கே குடுத்துரேன்."

ஞாயமான பேச்சு. கடைசியில, கிறிஸ்மஸுக்குள்ள படிக்கது ஆளுதான்னு காட்டிட்டா ரூமு அவளுக்கு, இல்லன்னா மெசினுக்குன்னு பேசி முடிச்சாங்க. மெசினு அட்டைப்பெட்டியோட மாடிப்படிக்குக் கீழ நின்னு காத்துக்கிட்டு இருந்துச்சு. அவ ஏறி இறங்கும்போது மட்டும் லேசா ஒதுங்கி வழி விடும். மரியாதை தெரிஞ்ச மெசினு.

ரெஜினா முதல்ல பிளாகுலயே கேட்டுப் பாத்தா. நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்குப் படிக்கிய? ஒருத்தன்தான் பதில் போட்டான், "நல்ல கேள்வி"ன்னு. பெறகு யோசிச்சா. நம்ம ஆளுககிட்ட கேள்வி கேட்டா வாயத் திறக்க மாட்டாக. பாத்திரத்துல ஒண்ணு குடுத்துவிட்டா, அதத் திருப்பிக் குடுக்கும்போது வெறுமனே குடுக்க எவளுக்காவது மனசு வருமா? ரெண்டு முருங்கைக்காயாவது போட்டுத்தான் வரும். அதனால விலாசம் அனுப்புத எல்லாருக்கும் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி இலவசம்னு போட்டா. வாய் திறக்காத அம்புட்டுப் பேரும் அன்னைக்கே விலாசம் அனுப்பிட்டான். சட்டிக்குள்ள கையளவு நெத்திலி வச்சா. கேள்வின்னு ஒண்ணும் எழுதல.

பாத்திரக் கடை சொர்ணலிங்கம் அண்ணாச்சிகிட்டதான் சட்டி எடுத்தா. நாம என்ன சொன்னாலும் அவரு அத அப்படியே பாத்திரத்துல வெட்டிருவாரு. எங்க சித்தி மக கல்யாணத்துக்கு வாங்கின குடத்துல இன்னைக்கும் "இரு, அவுககிட்ட கேட்டுச் சொல்லுதேன்"னு இருக்கு.

"யாரு பேரும்மா வெட்டணும்?"

"பேரு தெரியாது அண்ணாச்சி. அதக் கண்டுபிடிக்கத்தான அனுப்புதேன்."

சாயந்தரம் போயிப் பாத்தா, அறுபது சட்டியிலயும் முத்து முத்தா "பேரு தெரியாது"ன்னு வெட்டி வச்சிருக்காரு. அப்படியே அனுப்பிட்டா.

ஒவ்வொண்ணாத் திரும்பி வந்துச்சு. ஈரோட்டுக்காரர் அவரு மதியத் தூக்கத்த வச்சு அனுப்பியிருந்தாரு. இவ பிளாகு படிச்சாத்தான் அது வருமாம். மூடியத் திறந்தா, தெருவே பொழுது சாயுற வரைக்கும் தூங்குச்சு. மீன்காரி கூடையோட தூங்கினா, கூடைக்குள்ள காக்கா தூங்குச்சு. காரைக்கால்ல இருந்து வந்த சட்டியத் திறந்ததும் "முன்ன மாதிரி இல்ல, முன்ன மாதிரி இல்ல"ன்னு சத்தம். அந்த ஆளு படிக்க ஆரம்பிச்சதே போன வாரந்தான். மூட மூட அடங்கல, வத்தல் மூடைக்கு அடியில தள்ளி வச்சா. நெறைய பேரு "சூப்பர்" அனுப்பியிருந்தாக. பூந்தி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, வாயில போட்டா இனிச்சுட்டு ஒண்ணுமில்லாம போயிரும். கோழிக்குப் போட்டா. கோழி முட்டை போடல, தலைய மட்டும் ஆட்டிக்கிட்டே திரிஞ்சுது. மதுரையில ஒரே வீட்டுல ஒம்பது பேரச் சொல்லி ஒம்பது சட்டி வாங்கியிருந்தாக. மூடி மட்டும் வந்துச்சு. அடுத்த இலவசம் எப்பன்னு கேட்டிருந்தாக.

தென்காசிக்காரிதான் பாவம், படிக்கும்போது அவ ஊருல எப்படி இருந்துச்சோ அதையே வச்சு அனுப்பியிருந்தா. திறந்ததும் சாரல். மேசை, சேலை, ஜன்னல் எல்லாம் நனைஞ்சுது. ரெஜினா முகத்தத் தொடச்சுக்கிட்டு மூடிட்டா, பாதிக்கு மேல மிச்சம் இருந்துச்சு.

கிறிஸ்மஸு கிட்ட வந்துருச்சு. தனசிங் மாடிக்கு வந்து சட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"எல்லாத்துலயும் ஒரே பேருல்லா இருக்கு. பேரு தெரியாது, பேரு தெரியாது. இது அறுபது பேரு இல்ல, ஒரே ஆளு."

வெட்டியிருக்கத மறுக்க முடியாதுல்லா.

"ஒரு ஆளுன்னாலும் ஆளுதான அத்தான்?"

"அப்ப அந்த ஆளு வந்துட்டான்னு சொல்லு, ரூம நீயே வச்சுக்க."

அன்னைக்கு மெசினு ரெண்டு படி மேல ஏறி நின்னுச்சு. ரெஜினா மேசையில இருந்ததெல்லாம் எடுத்து ஒரு பழைய அட்டைப்பெட்டியில போட ஆரம்பிச்சா. பெட்டியோட வெளிய வந்தப்பதான் படிக்கட்டு ஓரத்துல ஒரு சட்டி இருந்ததப் பாத்தா. தபால்ல வரல, முத்திரை இல்ல. "தெரியாது"ங்கத அரத்தால ராவிட்டு, பைப்பு வெட்டுத பிளேடால கோணல்மாணலா வெட்டியிருந்துச்சு: பேரு தனசிங்.

ரூமுக்குள்ள போயி, கதவச் சாத்திட்டுத் திறந்தா.

உள்ள ஒரு மத்தியானம் இருந்துச்சு. பைப்புக் கடையில சாப்பாட்டு நேரம். ஷட்டர் பாதி இறங்கியிருக்கு, பேன் ஓடுது. தனசிங் முக்காலியில உக்காந்து போன்ல இவ எழுதின காக்கா கதையப் படிக்கான், ஒதட்ட அசைச்சு அசைச்சு. மடியில பேப்பர் விரிச்சு, எதுத்த ஓட்டல்ல வாங்கின வாளைக்கருவாடு, வறுத்தது. காக்கா பதில் சொல்லுத இடத்துல சிரிச்சுட்டான், பொரை ஏறிருச்சு. தானே தலையத் தட்டிக்கிட்டான். திரும்ப முதல்ல இருந்து படிச்சான். அந்த மத்தியானம் முடியுற வரைக்கும் ரெஜினா அதுக்குள்ளயே உக்காந்திருந்தா. பெறகு மெதுவா மூடிட்டு, கீழ இறங்கிப் போனா.

தனசிங் தயிருஞ்சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். தட்ட விட்டு நிமிரல.

"அத்தான், அந்த ஆளு வந்தாச்சு."

"யாராம்?"

ரெஜினா அவன் கையப் பாத்தா, நக இடுக்குல எவர்சில்வர் பொடி. ஊறுகாயத் தள்ளி வச்சா.

"பேரு தெரியாது," ன்னா.

"அப்பச் சரி," ன்னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி தயிரு வாங்கிக்கிட்டான். "ஒரு ஆளு படிக்கான்னா எழுதத்தான வேணும். ரூமு இருக்கட்டும்."

இதக் கேட்டுட்டு மெசினு தானே ரெண்டு படி இறங்கிருச்சு. ஒரு வருத்தமும் இல்ல. ஆனா மறுநாள் காலையில அது மேல ஒரு தூக்குச்சட்டி இருந்துச்சு. அதுவும் விலாசம் குடுத்து வாங்கியிருந்திருக்கு, யாரும் கவனிக்கல. திறந்தா, ரெஜினாவோட பழைய பதிவெல்லாம் வெளுத்து, காய வச்சு, நாலா மடிச்சு இருக்கு. ஒரு எழுத்துப்பிழை இல்ல. கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னதும் பொய்யில்ல பாத்தியா. இப்ப மாடி ரூமுல ஜன்னல் பக்கம் அதுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கா. எழுதினத முதல்ல அதுகிட்டதான் காட்டுதா.

ஆனா வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனைக்காத. நெறஞ்சு வந்த சட்டிய அவ மட்டும் வெறுமனே திருப்பி அனுப்ப முடியுமா? ஈரோட்டுக்காரர் தூக்கத்தக் காரைக்காலுக்கு அனுப்பினா, அந்த ஆளு சத்தம் அடங்கிருச்சு. எனக்கும் ஒண்ணு குடுத்து விட்டிருக்கா. தென்காசிச் சட்டி, மிச்சம் இருந்த சாரல் அப்படியே இருக்கு. இன்னும் பத்தாதுன்னுதான் சொல்லுதியா? சரி, நீயே பாத்துக்க. உன் போன எடுத்துப் பைக்குள்ள வையி. இரு, எம்மவளக் கூப்பிடுதேன்.

ஏட்டி பிளசி! கொடியில கெடக்க துணியெல்லாம் எடுத்து உள்ள கொண்டாட்டி. சட்டியத் திறக்கப் போறேன்.