கை படாத அரைப் பவுன்

சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சர் ரயிலில் புனிதாவை மிஞ்சிய பணக்காரி கிடையாது. மயிலம் தாண்டுவதற்குள் கிலோ வெள்ளிக்கட்டி இரண்டு வாங்கிவிடுவாள். பேரணிக்குள் தங்க பிஸ்கட் நாலு. எல்லாம் செல்போனில்தான். விக்கிரவாண்டி வந்ததும், வாங்கிப் போட்ட கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிடுவாள். முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலை வாசனை ஜன்னலுக்குள் ஏறும்போது அவளிடம் மிச்சம் இருப்பது காலி டிபன் பாக்ஸும் சீசன் டிக்கெட்டும்தான். வீட்டுக்குப் போய் ரசம் வைக்க வேண்டும்.

இந்த விளையாட்டை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். நாற்பத்தெட்டு வயசுப் பொம்பளை, கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தேசம் தேசமாகக் காசு பொறுக்குகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் போனில் பொற்காசு விற்கிற அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது. ஒரு காசில் சிங்கம், ஒரு காசில் கங்காரு, இன்னொன்றில் வெறும் இலை. விரலால் பெரிதாக்கினால் இலையின் நரம்பு வரைக்கும் தெரியும். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருக்கும். மல்லாட்டைக் கொல்லை, சவுக்குத் தோப்பு, ஏரித் தண்ணீர் எல்லாம் அந்த நேரத்தில் ஒரே மஞ்சளாகிவிடும். போனுக்குள் இருப்பது எது, வெளியே ஓடுவது எது என்று கொஞ்ச நேரம் குழம்பிப்போகும். அந்தக் குழப்பம் அவளுக்குப் பிடித்திருந்தது.

விளையாட்டுக்கு நடுவில் ஒன்று மட்டும் விளையாட்டில்லை. மகன் தேவாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஓமந்தூர், பெயர் கவிதா. தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டு வேலை. நாள் பார்த்து, நகை செய்கிற பத்தரை வீட்டுக்கு வரவழைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, ஒரு பொற்காசை நெருப்பில் போட்டு உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்ய வேண்டும். அந்தக் காசு தன் சம்பாத்தியத்தில் வாங்கினதாக இருக்க வேண்டும் என்று புனிதா ஆசைப்பட்டாள். இத்தனை வலுவாக அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

புருஷன் ஜெகதீசன் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவன் போனதிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் அவளுக்கு இடம் அடுப்படிதான். முன்னால் வராதே என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அவ்வளவு நாகரிகம் எல்லாருக்கும் உண்டு. 'புனிதா, அந்தச் சாம்பாரைக் கொஞ்சம் பாரேன்' என்பார்கள். ஊரில் உள்ளவர்கள் கல்யாணத்துச் சாம்பாரையெல்லாம் பார்த்தாயிற்று. பெற்ற பிள்ளையின் கல்யாணத்திலும் அதையே பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மனசில்லை.

நகைக்கடைக்குப் போகாமலில்லை. விழுப்புரத்தில் ஒரு கடையில் ஏறி, நாலைந்து காசுகளை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். கவுண்டரில் இருந்தது நல்ல பெண். பொறுமையாகக் காட்டினாள். கிளம்பும்போது வழக்கப்படி குங்குமத் தட்டை நீட்டினவள், புனிதாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, நீட்டின தட்டை அப்படியே பக்கத்தில் நின்ற அம்மாளிடம் திருப்பிவிட்டாள். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, கை பழகிவிட்டது. "அப்புறம் வர்றேங்க" என்று படியிறங்கின புனிதா அப்புறம் போகவே இல்லை. போன் அப்படியில்லை. திறந்ததும் 'வணக்கம், புனிதா' என்கிறது. அது யார் நெற்றியையும் பார்ப்பதில்லை.

ஒருநாள் மயிலம் தாண்டினபோது அந்தக் காசு கண்ணில் பட்டது. நாலு கிராம், அரைப் பவுன். தாமரை மேல் மகாலட்சுமி. சிரித்த முகம், கையிலிருந்து காசு கொட்டுகிறது. அந்தத் தாமரை இதழில் உட்கார்ந்து இரண்டு ஸ்டேஷன் போய்விடலாம் போலிருந்தது. சிங்கமும் கங்காருவும் கிடக்கட்டும், என் மருமகள் கழுத்துக்கு மகாலட்சுமியே போகட்டும் என்று நினைத்தாள். உருக்கப் போகிற காசில் யார் உட்கார்ந்திருந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றவில்லை. கனவில் இருக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்வியெல்லாம் வராது. விக்கிரவாண்டி வந்தது. கூடையிலிருந்து எடுக்கவில்லை. சர்க்கரை ஆலை வாசனை வந்தபோது பேங்கிலிருந்து மெசேஜும் வந்துவிட்டது. விழுப்புரத்தில் இறங்கி நடந்தபோது பிளாட்பாரம் காலுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அஞ்சாம் நாள் கொரியர்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து, ஓடிபி கேட்டு, டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஏடிஎம் கார்டு அளவுக்கு ஒரு அட்டை, நடுவில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குக்குள் காசு. உறையைப் பிரித்தால் திரும்ப வாங்க மாட்டோம் என்று பின்னால் போட்டிருந்தது. கைக்குட்டையில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து ரயிலேறினாள். அன்றைக்கு அவள் போனைத் திறக்கவே இல்லை. மடியில் டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே முறுக்கு தின்றுகொண்டிருந்த ஆள்கூட அன்றைக்கு அவளுக்கு அழகாகத் தெரிந்தான்.

பதினோரு நாள் அந்த அட்டை பீரோவில் புடவைகளுக்கு நடுவில் இருந்தது. தினமும் எடுப்பாள், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். பிரிக்க மட்டும் பயம். கட்டைவிரலால் அழுத்தினால் பிளாஸ்டிக்கின் வழவழப்புதான் தெரியும், பொன் எப்படி இருக்கும் என்று தெரியாது. பரவாயில்லை, பார்த்தால் போதும் என்றிருந்தது.

பொன் உருக்கும் நாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே முகையூரிலிருந்து செண்பகம் வந்து இறங்கினாள். ஜெகதீசனின் அக்கா. பெரிய குங்குமப் பொட்டு, அதைவிடப் பெரிய குரல். அவளைக் கெட்டவள் என்று சொன்னால் புனிதாவுக்கே பொறுக்காது. ஜெகதீசன் போனபோது நாற்பது நாள் தன் வீட்டை விட்டுவிட்டு வந்து, ராத்திரியெல்லாம் புனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தவள் அவள்தான்.

பத்தர் விருத்தாசலம் கூடத்தில் செங்கல் அடுக்கி, பொன் உருக்கும் மண்கிண்ணமான மூசையை வைத்து, தீ ஊதும் கேஸ் விளக்கைப் பற்றவைத்துப் பார்த்துக்கொண்டார். தேவா புது வேட்டியில் மணையில் உட்கார்ந்தான். வெற்றிலை, தேங்காய், மஞ்சள் எல்லாம் தயார். புனிதா ஒரு தட்டில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"இன்னா புனிதா இது, கார்டு மாதிரி?" என்றாள் செண்பகம்.

"தாலிக்குக் காசு அண்ணி. ஆன்லைன்ல வாங்கினேன். அரைப் பவுனு."

பத்தர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சுத்தத் தங்கங்க. நம்பரெல்லாம் போட்டிருக்கான். கொஞ்சம் செம்பு சேத்துக்கினா போதும்."

செண்பகம் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இதுல மகாலட்சுமி இருக்காளே! லட்சுமியைப் போயி நெருப்புல போடறதா? நல்லாவா இருக்கும்?" கூடத்தில் எல்லாரும் ஆமாம் என்பதுபோல முனகினார்கள். அவள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு பழைய பவுன் காசை எடுத்தாள். "இத பாரு, இதுல இருக்கறது வெள்ளைக்கார ராஜா. இவன உருக்கினா ஏன்னு கேக்க நாதியில்ல." எல்லாரும் சிரித்தார்கள்.

புனிதா சிரிக்கவில்லை. முகையூரில் பஸ் ஏறும்போதே ராஜா சுருக்குப்பைக்குள் ஏறியிருக்கிறான். அப்போது இந்த மகாலட்சுமியை யார் பார்த்தார்கள்? காரணம் மகாலட்சுமி இல்லை என்று புரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"வருஷா வருஷம் புள்ளையாரக் கும்புட்டுட்டு ஏரியில கரைக்கிறோமே அண்ணி. அவரு கோச்சிக்கினாரா?"

பத்தர் சிரித்துவிட்டார். செண்பகம் சிரிக்கவில்லை. கிட்ட வந்து, அந்தப் பெரிய குரலை எங்கேயோ வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "காசுல ஒண்ணும் இல்ல புனிதா. உன் கை பட்டது... வர்ற பொண்ணு கழுத்துல அது காலத்துக்கும் நெறைஞ்சி நிக்கணும் இல்ல? உனக்குத் தெரியாததா?"

மெதுவாகச் சொன்னதுதான், ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. "அத்தை..." என்று தேவா மணையிலிருந்து எழப் பார்த்தான். "நல்ல நேரம் போய்க்கினே இருக்குதுங்க. ஜல்தியா ஒண்ணு சொல்லுங்க" என்றார் பத்தர்.

மனசு யோசிப்பதற்குள் புனிதாவின் வாய் முந்திக்கொண்டது. "என் கை படவே இல்ல அண்ணி. சீலு அப்படியே இருக்குது பாருங்க. மெஷின்ல அடிச்சி, மெஷின்லயே ஒட்டினது. ஒருத்தர் கையும் படல."

செண்பகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது, பாவம். "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே! கை படாத பொன்னுன்னா ஒரு தோஷமும் இல்ல. குடு இங்க." அட்டையை வாங்கி நகத்தால் கீறினாள். பிளாஸ்டிக் அசையவில்லை. "கத்தரிக்கோல் எடுத்தாங்கடி யாராவது!"

ஜெயித்தாயிற்று. அவள் பொன்தான் தாலியாகப் போகிறது. ரயிலில் நினைத்ததெல்லாம் நடக்கப் போகிறது. ஆனால் எதைச் சொல்லி ஜெயித்தாள்? என் கை ஆகாத கை என்று தானே ஒப்புக்கொண்டு அல்லவா ஜெயித்தாள்? இந்தக் கைதான் தேவாவைத் தொட்டிலில் போட்டது. இந்தக் கைதான் ஜெகதீசனுக்குக் கடைசி வாய்த் தண்ணீர் ஊற்றியது. ஆறு வருஷமாகத் தினம் முந்நூறு சீட்டு எழுதி இந்தக் காசைச் சம்பாதித்ததும் இதே கைதான். எவளோ ஒருத்தி சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், நானே சொல்லிவிட்டேனே என்று நினைத்தபோது அவமானம் காது மடல் வரை சுட்டது.

"குடுங்க அண்ணி" என்று அட்டையைத் திரும்ப வாங்கினாள். ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தாள். பிளாஸ்டிக் கிழிந்து காசு உள்ளங்கையில் விழுந்தது. போனில் பார்த்ததைவிட எவ்வளவோ சின்னது. விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்ப தொட்டுட்டேன்" என்றாள். "என் பொன்னு என் கைக்குத் தெரியாம என் புள்ள தாலியில ஏற வேணாம். ஏறினா என் கையோட ஏறட்டும். இல்லன்னா உங்க ராஜாவையே போடுங்க அண்ணி, நான் கோச்சிக்க மாட்டேன்."

கடைசியாகச் சொன்னது பொய். ஆயுசுக்கும் கோபித்துக்கொள்வாள். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

கேஸ் விளக்கு மட்டும் ஸ்ஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. செண்பகம் மூடின அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் பவுன் காசைச் சுருக்குப்பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போடு. நேரமாவுது" என்றாள்.

போடத்தான் கை நீண்டது, விரல்தான் விரியவில்லை. பதினோரு நாள் பார்த்துக்கொண்டே இருந்த பொன், இப்போதுதான் முதல் தடவையாகக் கையில். அது சூடாக இருந்தது, தன் உடம்புச் சூடுதான் என்று தெரிந்தும் விட மனசு வரவில்லை. கண்ணீர் மறைத்தது.

செண்பகம் பக்கத்தில் வந்தாள். புனிதாவின் மணிக்கட்டைப் பிடித்து மூசைக்கு மேலே கொண்டுபோனாள். இன்னொரு கையால் மூடின விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்துவிட்டாள். காசு மூசைக்குள் விழுந்தது. பத்தர் தீயைத் திருப்பினார். தாமரை கரைந்தது, சிரித்த முகம் கரைந்தது, கடைசியில் சிவப்பாக ஒரு சொட்டுப் பொன் மட்டும் தளதளவென்று உருண்டது. அது உருகி முடிகிற வரைக்கும் செண்பகம் அந்தக் கையை விடவில்லை.