பெட்டிக்குள் ஓர் எண்

அக்கா நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அதனால்தான் தங்கை கடிகாரக்காரரை மூன்று மணிக்கே வரச் சொன்னாள். அக்கா வந்து உட்காரும்போது குட்டு உடைந்து மேசைமேல் கிடக்க வேண்டும்.

அப்பா போன பிறகு அவருடைய ஊசல் கடிகாரம் இரண்டு வருடம் அக்கா வீட்டில் இருந்தது. போன வாரம்தான் பழுது பார்த்து, பழைய போர்வையில் சுற்றி, தங்கைக்கு அனுப்பியிருந்தாள். உச்சியில் செதுக்கிய தேக்குப் பூவில் உடைந்த இதழ் அப்படியே இருந்தது. பீங்கான் முகத்தில் ஏழுக்குப் பக்கத்தில் ஓடும் மயிரிழை விரிசலும் அப்படியே. ஆனால் மணி அடித்தபோதுதான் தங்கைக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவின் கடிகாரம் தொண்டை கட்டியவர் மாதிரி அடிக்கும். இது கணீரென்று அடித்தது. போதாததற்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றும் போனது.

அத்தானுக்குப் பழம்பொருள் என்றால் உயிர். அவர் அலமாரியில் இல்லாத பித்தளை இல்லை. உள்ளே இருந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு வேறொன்றைப் பெட்டியில் போட்டு அனுப்ப எத்தனை நேரமாகும்? ஒருமுறை இப்படி நினைத்த பிறகு எல்லாமே அதற்கு ஒத்தாசை செய்தன. "நேரா மாட்டு, உன் இஷ்டத்துக்கு மாட்டாதே" என்று அக்கா போனில் இரண்டு தடவை சொன்னதுகூட. இவளுக்கு ஒன்றும் உருப்படியாகச் செய்ய வராது என்கிற அதே பழைய குரல். மடியில் எதையோ வைத்திருப்பவர்கள்தான் இப்படி முந்திக்கொண்டு அதட்டுவார்கள்.

கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, முட்களைக் கழற்றி, முகத்தையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"உள்ள இருக்கிறது இந்தப் பெட்டியோடதுதானான்னு மட்டும் சொல்லுங்க."

"யார் மேலம்மா சந்தேகம்?"

"யார் மேலயும் இல்ல."

"அப்ப சொந்தக்காரங்கதான்."

பித்தளைத் தகட்டின் கீழ் ஓரத்தில் பொறித்திருந்ததைப் படித்தார்: 4817. பிறகு பெட்டியின் உட்புறம் டார்ச்சை அடித்தார். ஒன்றின் உடலில் இன்னொன்றின் உயிர் போய்விடாமல் இருக்க, செய்தவர்கள் அதே எண்ணை மரத்திலும் எழுதிவைப்பார்களாம். மூலையில் மங்கலாகப் பென்சில் எழுத்து தெரிந்தது: 4817.

"பிறந்ததுலருந்தே ஜோடிம்மா."

"அப்ப சத்தம் ஏன் மாறிச்சு?"

"முன்னல்லாம் அடிச்ச சுத்தியல் மணிக் கம்பிச்சுருள் மேலயே உட்கார்ந்து சத்தத்தை அமுக்கியிருக்கும். இப்ப விலக்கி வெச்சிருக்காங்க. நல்ல கை."

"நின்னு நின்னு போகுதே?"

அவர் சுவரைப் பார்த்தார். "எப்படி மாட்டினீங்க?"

"அப்பா மாட்டின மாதிரிதான். இடப்பக்கம் ஒரு விரல் சாய்ச்சு."

"அவர் ஏன் சாய்ச்சாரு?"

அவள் யோசித்தாள். "அப்ப பக்கத்துல ஒரு அலமாரி இருந்துச்சு, அதோட கதவு இடிக்கும்."

"அதானே! அந்தச் சாய்வுக்குத் தக்கபடி ஊசலைத் தள்ளுற கம்பியையும் வளைச்சிருப்பாரு. ரிப்பேர்காரர் அதை நிமிர்த்திட்டாரு. இனிமே நேரா மாட்டினாத்தான் ஓடும். யாரும் சொல்லலையா உங்களுக்கு?"

அவர் முகமில்லாத கடிகாரத்தை ஆணியில் நேராக மாட்டி ஊசலைத் தட்டிவிட்டார். டிக், டிக் என்று சீராக ஓடியது. நிம்மதி வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஏமாற்றம்தான் வந்தது. கடிகாரம் மாறியிருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள்! அக்காவுக்கு எதிராக ஒரேயொரு அத்தாட்சிக்காக எத்தனை வருடமாகக் காத்திருந்தாளோ, அவளுக்கே தெரியவில்லை.

வாசல் மணி அடித்தது. அக்கா பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

"யாருடி இவரு?"

"கடிகாரத்தை மாட்டிக் கொடுக்க வந்தாரு."

"மாட்டுறதுக்கு எதுக்கு மூஞ்சியைக் கழட்டணும்?"

கடிகாரக்காரர் திருப்புளிகளைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்தவற்றையே.

தங்கைக்குப் பொய் வரவில்லை. "நம்பரைப் பார்க்கச் சொன்னேன்."

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. திட்டு வரப்போகிறது என்று தங்கை காத்திருந்தாள்.

"பார்த்தாச்சா?"

"ம்."

"ரெண்டும் ஒண்ணா இருந்துச்சா?"

ரெண்டு என்று இவளுக்கு எப்படித் தெரியும்? தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

அக்கா பைக்குள் துழாவி, நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்தாள். "உங்க அத்தான்தான் ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போனாரு. எனக்குத் தெரியாதா அந்த மனுஷனை? போறதுக்கு முன்னாடியே ரெண்டு நம்பரையும் குறிச்சு வெச்சுட்டேன். திரும்பி வந்ததும் அவர் குளிக்கப் போன நேரத்துல திறந்து பார்த்தேன்."

தங்கைக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"புருஷனைச் சந்தேகப்பட்டேன்னு உன்கிட்டயா? ஜென்மத்துக்கும் குத்திக் காட்டுவியே."

அது உண்மைதான்.

அக்கா எழுந்து கடிகாரத்தின் பக்கத்தில் போனாள். சீட்டைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள்.

"அதான் பார்த்தாச்சுன்னு சொல்றேன்ல?" என்றாள் தங்கை.

"இருக்கட்டும்டி. ஒரு வாரமா உன் வீட்டுல இருந்திருக்கு. சார், அந்த டார்ச்சைக் கொஞ்சம் கொடுங்க."