உடையக் கூடாத பெயர்

ஏழாவதாகப் பிறந்தவனுக்கு என்ன பெயர் வைத்தால் என்ன என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது, பேரரசராயிருந்த அந்த அப்பன்காரர். மஞ்சள் ஆற்றின் உடைப்பை அடைத்த வருஷம் பிறந்த பிள்ளை, அந்தச் சந்தோஷத்தில் 'தாங்' என்று வைத்துவிட்டார். அவர்கள் பேச்சில் தாங் என்றால் வெள்ளத்தைத் தடுக்கிற ஆற்றங்கரை. மூத்தவர்கள் ஆறு பேர் இருக்கும்போது இவன் எங்கே பட்டத்துக்கு வரப்போகிறான்? ஆனால் அந்த ஆறு பேரும் ஆறே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தார். இருவர் ஒரே நாளில் காளான் குழம்பு சாப்பிட்டார்கள். மற்றவர்களைப் பற்றிக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அரியணையில் இருப்பவரின் பெயரைச் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. அது தொன்றுதொட்ட வழக்கம். நல்ல மனசுள்ளவர்கள் பட்டம் ஏறும்போதே யாருக்கும் தேவைப்படாத ஒரு சொல்லாகப் பார்த்துப் பெயரை மாற்றிக்கொள்வார்கள், சனங்கள் பாவம் என்று. இந்த மகாராசன் செய்யவில்லை. "வேணும்னா அவங்க மாத்திக்கட்டும்" என்றுவிட்டார். அன்றிலிருந்து ஆற்றங்கரையை 'மதில்' என்றுதான் எழுத வேண்டும். சுற்றிவளைத்துச் சொன்னாலும் குற்றம். 'ஆற்றோரத்து மண்மேடு' என்று எழுதிய ஒரு குமாஸ்தாவுக்கு மணிக்கட்டோடு கை போயிற்று.

அவர் பட்டமேறிய பதினோராம் ஆண்டு, மழை விடாத எட்டாம் மாதம். காலைச் சபையில் ஓலைகளை வாசித்து ஆணைகளை எழுதுகிற சொங் யீ, லியூபு ஊர்க் கண்காணிப்பாளரின் ஓலையைப் பிரித்தார்.

"வட மதிலில் முப்பது கெஜம் விரிசல். ஆளும் மண்ணும் வேண்டும். ஏழு நாளுக்குமேல் நிற்காது."

முதல் மந்திரி ஹான் குவாங் துள்ளி எழுந்தார். "வடக்கு எல்லை மதிலா! குதிரைக்காரப் பயலுக உள்ள பூந்துடுவானுங்க, மகாபிரபு. பத்தாயிரம் பேரை இன்னைக்கே அனுப்பணும்."

"அனுப்பு" என்றார் பேரரசர்.

சொங் யீ ஓலையை மறுபடி பார்த்தார். லியூபு அவர் பிறந்த ஊர். அங்கே மதிலே கிடையாது. இருப்பது ஆற்றங்கரை ஒன்றுதான். அதற்கு நேர் கீழேதான் அவருடைய அக்கா, மூன்று பிள்ளைகளோடும் ஒரு பன்றிக் கொட்டிலோடும் குடியிருக்கிறாள். படை வடக்கே போனால் ஆறு தெற்கே போகும், அக்கா வீட்டு வழியாக. வாயை மூடிக்கொண்டு எப்படி நிற்பது?

"மகாபிரபு... இது அந்த மதில் இல்லீங்க."

பேரரசர் முன்னால் குனிந்தார்.

"பின்னே எந்த மதில்?"

"லியூபுவுல மதிலே இல்லீங்க. நான் பொறந்த ஊருதான்."

"மதில் இல்லாத ஊர்ல மதில் விரிஞ்சிருக்கா? குடிச்சிட்டு எழுதினானா அவன்?" பேரரசர் சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லீங்க. எழுதக் கூடாததை அவரு..."

"என்ன அது? சொல்லு. நானே கேக்கிறேன்ல?"

"வேணாம்யா, வாயை மூடு" என்று ஹான் குவாங் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"தாங், மகாபிரபு. லியூபு தாங் உடையப் போகுது."

அவ்வளவு பேரும் அங்கியின் கையால் காதைப் பொத்திக்கொண்டார்கள். காதில் விழுந்தாலும் குற்றம்தானே. பேரரசர் மட்டும் அசையவில்லை.

"எங்கம்மா போனப்புறம் இந்தப் பேரை யாரும் கூப்பிட்டதில்லை" என்றார். குரல் குழைந்திருந்தது. "இன்னொரு தடவை சொல்லு."

சொங் யீக்கு உயிர் திரும்பி வந்தது. ஐயோ, இந்த மனுஷனுக்குள்ளும் ஒரு பிள்ளை இருக்கிறானே என்று மனசு இளகியேவிட்டது. "தாங்" என்றார்.

"அது உடையப் போகுதுன்னா சொன்ன?"

"ஏழு நாள்ல. இப்பவே ஆளுங்க கிளம்பினா காப்பாத்திடலாம், மகாபிரபு."

"நான் உடைவேனா?"

"ஐயையோ, மாட்டீங்க."

"அப்ப அதுவும் உடையாது. எழுது. லியூபு மதில் உறுதியா இருக்கு. எவனும் அதுல ஒரு கூடை மண்ணு போடக் கூடாது. ஒட்டுப் போட்டா எனக்கு விரிசல்னு அர்த்தம். ஊரைவிட்டு ஓடுறவன் என்னை நம்பாத துரோகி. அந்தப் பத்தாயிரம் பேரையும் அனுப்பி மேட்டுக்குப் போற வழியை அடைக்கச் சொல்லு."

சொங் யீ தரையில் நெற்றியை முட்டினார். "என் அக்கா அங்க இருக்காங்க, சாமி!"

"அப்படின்னா அவளும் என்னை நம்பட்டும்."

ஹான் குவாங் தூரிகையை அவர் விரலில் திணித்தார். "எழுதித் தொலைய்யா. நீ எழுதலைன்னா அடுத்தவன் எழுதுவான். உன் தலையும் போகும், ஊரும் போகும்."

சொங் யீ எழுதினார். மை காய்வதற்குள் வாங்கி முத்திரை குத்திக்கொண்டு போனார்கள். வெளியே குதிரை கிளம்பிய சத்தம் கேட்டது. பேசாமல் இருந்திருந்தால், விரிசலைப் பார்த்த அக்கா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தானாகவே மேட்டுக்கு ஓடியிருப்பாள். பாவி, நான்தான் வழியை அடைத்தேன் என்று அவருக்கு நெஞ்சு வெடித்தது.

மூன்றாம் நாள் ஆணையை லியூபு சந்தையில் ஒட்டி, உரக்கப் படித்தும் காட்டினார்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வருஷப் பிறப்புக்கு வருகிற கடிதங்களைப் பார்த்துப் பார்த்து அந்தக் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். கட்டிவைத்திருந்த மூட்டையைப் பிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "பயப்படாதடி. எந்தம்பியே எழுதியிருக்கான்."