பூஜ்யம் காட்டிய உதாரணம்

நிரலை இரண்டாவது முறை ஓட்டியபோதும் மடிக்கணினித் திரையில் அதே வரிதான் வந்தது. 'மொத்தப் பதிவுகள்: 0.'

"என்னா சொல்லுது?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"பூஜ்யம், மச்சான்" என்றான் ரோய்ஸ்டன்.

அவன் வாய் மூடுவதற்குள் கோலினின் கையிலிருந்த இரும்புக் குழாய் சீனியின் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்ததுபோல் ஒரு சத்தம். சீனி கத்தவில்லை. மூச்சு மட்டும் வாய்வழியே சீறிக்கொண்டு வெளியேறியது. லாரிக் கயிற்றால் அவரைத் தூணோடு கட்டியிருந்தார்கள். கால் மடங்கியதும் உடம்பின் எடை முழுவதும் கயிற்றில் தொங்கியது.

ஸ்டானிஸ்லாஸ் ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையை முழங்கை வரை அளவாக மடித்துவிட்டிருந்தார். கோலின் அவருடைய தம்பி; ரோய்ஸ்டன் அவருடைய மனைவி எல்ஸியின் தம்பி. கோலா கங்சார் போகும் வழியில், ரப்பர் தோட்டமாக இருந்து செம்பனைக்கு மாறிவிட்ட நிலத்தின் ஓரத்தில் கிடந்த புகைக்கூடத்தை வாங்கி, அதைப் பழைய இரும்புக் கடையாக்கியிருந்தார் ஸ்டானிஸ்லாஸ். வெள்ளிக்கிழமை இரவு அங்கே குவித்து வைத்திருந்த செம்புக் கம்பி முழுவதும் களவு போனது. கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியும் எரிந்து கிடந்தது.

சீனிதான் அங்கே ஜாகா. இருபத்துநாலு மணி நேரமும் காவல். இடி விழுந்துதான் பெட்டி எரிந்தது என்றார் அவர். நீயே பதிவுகளை அழித்துவிட்டு, அது தெரியாமலிருக்கப் பெட்டியைக் கொளுத்தினாய் என்றார் ஸ்டானிஸ்லாஸ். இரண்டில் எது உண்மை என்று சொல்லத்தான் ரோய்ஸ்டனை மடிக்கணினியோடு வரச் சொல்லியிருந்தார். பெட்டிக்குள்ளிருந்த வட்டு கெடவில்லை. அதில் பதிவு இருந்தால் சீனி சொன்னது சரி.

"இல்லன்னா நான் பாத்துக்கிறேன்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். போலீசுக்குப் போவார் என்று ரோய்ஸ்டன் எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது.

"தவுக்கே, அந்தப் பெட்டிய நான் தொட்டதே இல்ல" என்று முதலாளியிடம் சொன்னார் சீனி. "இடி உழுந்துச்சு. கரண்டு போச்சு. அம்புட்டுதான்."

"அந்த இடிக்கு செம்புன்னா ரொம்பப் பிடிக்கும் போல" என்றான் கோலின். "ஒரு லாரி தூக்கிட்டுப் போயிருக்கு லா."

"கம்ப்யூட்டர் எனக்கு மாமனா மச்சானா, பொய் சொல்ல?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "கோசோங்னு சொல்லுது. ஒன்னுமே இல்ல. யாரு அழிச்சா?"

பெரிய தச்சு மேசையின் ஓரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்று பொருத்தியிருந்தது. கோலின் கயிற்றைத் தளர்த்தி, சீனியை மேசைவரை இழுத்துப்போனான். அவருடைய வலது கையை அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்துப் பிடியைத் திருகினான். கை நகராத அளவுக்குத் திருகிவிட்டு நிறுத்தினான்.

"வந்தவன் பேரச் சொல்லு சீனி" என்றார் ஸ்டானிஸ்லாஸ். குரலை உயர்த்தவே இல்லை. "சொன்னா கை ஒன்னோடது."

ரோய்ஸ்டன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் திரும்பாமலிருக்கத்தான் பார்த்தான். ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. பதில் சீக்கிரம் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய வட்டைப் புரட்டி, ஒன்றுமே இல்லை என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஓடிக்கொண்டிருந்தது அவன் எழுதிய நிரல். பகலில் ஜெலாப்பாங்கில் ஒரு கணினிக் கடையில் வேலை, மாலையில் ஈப்போவில் நிரல் வகுப்பு என்று இருந்தான் அவன். ஏதாவது ஒரு பொதுத் திட்டத்துக்கு உங்கள் பங்கைக் கொடுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அவன் தேர்ந்தெடுத்தது வட்டுப் படிமங்களைப் படிக்கும் ஒரு நிரலகம். ஒரு வட்டில் இருப்பதை ஒன்று விடாமல் ஒரே கோப்பாக நகலெடுத்தால் அது படிமம். அதைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டிய கருவிகளை எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து இலவசமாக எழுதி வைத்திருந்தார்கள். கெட்டிக்காரர்களின் வேலை. ஆனால் புதிதாக வருகிறவன் அதை எப்படிக் கையாள்வது என்று ஒரு பக்கம்கூட இல்லை. ரோய்ஸ்டன் பைத்தன் என்ற நிரல் மொழியில் சின்னச் சின்ன உதாரணங்கள் எழுதினான், ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கம். ஒரு வாக்கியத்தை எழுதுவான், தவறோ என்று அழிப்பான், அதையே திரும்ப எழுதுவான். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். எல்ஸி கிறிஸ்துமஸ் விருந்தில் அதை எல்லாரிடமும் சொன்னாள். ஸ்டானிஸ்லாஸ் மறக்கவில்லை.

அவன் நிரலைத் திறந்தான். நடுவில் அந்த வரி இருந்தது. பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்ததுக்குப் போ.

அவன்தான் அதைப் போட்டான். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் புதியவர்கள் பயந்துவிடுவார்கள், உதாரணம் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. நிஜ வட்டு பல அறைகளாகப் பிரிந்திருக்கும். எந்த அறை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துத் திறக்க வேண்டும். அவன் சோதித்ததோ தானே செய்த ஒற்றை அறைப் படிமங்களை மட்டும். இந்த வட்டில் அவனுடைய உதாரணம் வாசற்சுவரைப் போய்த் தட்டியிருக்கிறது. கதவு திறக்கவில்லை. வீட்டில் யாருமில்லை என்று திரும்பி வந்து சொல்லியிருக்கிறது. திட்டத்தில் இருந்த ஒரு பெண்மணி அப்போதே கேட்டிருந்தார்: திறக்கவே முடியாத படிமத்துக்கு இது என்ன காட்டும்? அடுத்த திருத்தத்தில் கவனிக்கிறேன் என்று பதில் போட்டான்.

பின்னால் சீனி கத்தினார். கோலின் பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருந்தான்.

சொல்லிவிடு என்று ரோய்ஸ்டனுக்குள் ஒன்று உந்தியது. ஆனால் நிச்சயமாக இதுதானா? வேறு காரணம் இருந்தால்? வட்டு நிஜமாகவே காலியாக இருந்து, நிறுத்துங்கள் என்று தான் கத்திவிட்டால்? எதையும் இருமுறை பார்க்காமல் அவன் வாய் திறந்ததில்லை. அந்த வரியை மறுபடி படித்தான். அதற்கு மேலிருந்த வரியைப் படித்தான். வட்டின் அறைகள் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் இடத்தைச் சரிபார்த்தான். சரியாகத்தான் நினைத்தான்.

அப்போது பிடி மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது. எலும்பு உடைந்தது. விறகு முறிவதுபோல் இல்லை. அதைவிடச் சின்ன, நெருக்கமான சத்தம். அதன் பிறகு சீனியிடமிருந்து வந்தது மனிதக் குரலாகவே இல்லை.

"நிறுத்துங்க மச்சான். தப்பு என்னோடது."

ஸ்டானிஸ்லாஸ் திரும்பினார். "என்னா தப்பு?"

"வட்டு காலியில்ல. இதால அதத் தொறக்க முடியல. முடியலன்னு சொல்றதுக்குப் பதிலா பூஜ்யம்னு காட்டுது. நான்தான் அப்படி எழுதி வச்சிருக்கேன்."

"பாவம் பாக்குறியா?"

"இல்ல மச்சான், நெசமா..."

காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. ஒரு பக்கம் உலகம் அடைத்துப்போனது. ஸ்டானிஸ்லாஸ் அவன் பிடரியைப் பிடித்து, மடிக்கணினி வைத்திருந்த எண்ணெய்ப் பீப்பாயின் விளிம்பில் முகத்தை மோதினார். வாய்க்குள் ஏதோ உடைந்தது. இரண்டாம் முறை மோதியபோது விசைப்பலகையில் ரத்தம் தெறித்தது.

"எல்ஸி மூஞ்சிக்காக இதோட விடுறேன். மரியாதையா சொல்லு. காலியா, இல்லியா?"

ரோய்ஸ்டன் உடைந்த பல்லைத் துப்பினான். வேறொரு கோப்பைத் தேடி எடுத்தான். "இது ஒங்க ஆபீஸ் கம்ப்யூட்டரு. போன மாசம் காப்பி எடுத்து வச்சேன்ல, அதேதான். பாருங்க." அதே உதாரணத்தை அதன்மேல் ஓட்டினான்.

'மொத்தப் பதிவுகள்: 0.'

"இதுவும் காலியா மச்சான்? நேத்துகூட அதுல பில்லு போட்டீங்க."

கூரைத் தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டானிஸ்லாஸ் அந்தப் பூஜ்யத்தைக் குனிந்து பார்த்தார். கோலின் பிடியிலிருந்து கையை எடுத்தான், ஆனால் தளர்த்தவில்லை.

"சரி பண்ணு" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"மொதல்ல அத லூஸ் பண்ணச் சொல்லுங்க."

"மொதல்ல நீ பண்ணு."

அந்த வரியை நீக்கினான். ஓட்டினான். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தது, இந்த இடத்தில் எனக்குப் படிக்க ஒன்றும் இல்லை என்று. அறைகள் தொடங்கும் இடங்களை எடுத்து அதற்குக் கொடுத்தான். விரல்கள் ரத்தத்தில் ஒட்டி, எழுத்துகள் இரட்டை இரட்டையாக விழுந்தன. அழித்து அடித்தான். வைஸுக்குப் பக்கத்திலிருந்து ஒரே சீராக முனகல் வந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதைத் தவிர அவன் வேறெதையும் நினைக்கவில்லை. பிறகு திரை நிறையக் கோப்புகளின் பெயர்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன.

கோலின் பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினான். சீனி மேசைக்கு அடியில் சரிந்தார்.

வெள்ளிக்கிழமைப் பதிவில் மழைதான் முதலில் தெரிந்தது. பின்வேலித் தகரத்தை மூன்று பேர் வெட்டினார்கள். முகத்தில் துணி. லாரி விளக்கில்லாமல் பின்னோக்கி வந்தது. இன்னொரு கேமராவில் காவல் குடிசை: கட்டிலில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார் சீனி. அவர்கள் செம்பை ஏற்றி முடிக்கும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. லாரி போய் வெகுநேரம் கழித்துத் திரை முழுவதும் ஒரு வெள்ளை வெளிச்சம். அதோடு பதிவு முடிந்தது.

ஸ்டானிஸ்லாஸ் அதை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு கோலினிடமிருந்து குழாயை வாங்கினார். கீழே கிடந்தவரின் விலாவில் ஓங்கி ஒன்று போட்டார்.

"முன்ன விழுந்தது அழிச்சதுக்குன்னு நெனச்சேன். இது தூங்குனதுக்கு."

குழாயைப் போட்டுவிட்டு, மடித்த சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டார்.

"இவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, ரோய்ஸ்டன். இவன் கை மெஷின்ல மாட்டிக்கிச்சு. நீ வழுக்கி விழுந்த. புரியுதா?"

ஈப்போ போகும் வழியெல்லாம் சீனி பின்னிருக்கையில் ஒருக்களித்துக் கிடந்தார். கை சாக்குத் துணியில் சுற்றியிருந்தது.

"ஒன்னும் சொல்லிறாதீங்க தம்பி" என்றார். "வேல போனா வூடும் அதோட போயிரும். எம் பொஞ்சாதி இருளாயி பாகான் செராய்ல அக்கா வூட்டுக்குப் போயிருக்கா. திரும்பி வந்து எங்க நிப்பா?"

"சீனி அண்ணே..."

"தூங்குனது நெசந்தான தம்பி."

அவசரப் பிரிவில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு ரோய்ஸ்டன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். உதாரணத்தைத் திருத்தினான். ஆவணத்தில் எழுதினான்: 'படிமத்தைத் திறக்க முடியாவிட்டால் இந்த நிரல் நின்றுவிடும், காரணத்தைச் சொல்லும். இதன் முந்தைய வடிவம் திறக்க முடியாததையும் பூஜ்யம் என்று காட்டியது. அந்தப் பூஜ்யத்தை நம்பி யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.' வாழ்க்கையில் முதல் தடவையாக, எழுதியதைத் திரும்பப் படிக்காமல் அனுப்பினான்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கலாதேவி எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் வயதுதான் இருக்கும்.

"எப்படி ஆச்சு?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சு டாக்டர்" என்றார் சீனி.

"கையி மாட்டிக்கிச்சு, சரி. காலு? வெலா எலும்பு?" ரோய்ஸ்டன் பக்கம் திரும்பினார். "ஒங்க பல்லும் அதே மெஷின்தானா?"

சீனி அவனைப் பார்த்தார். தலையை ஆட்டக்கூட முடியாமல், கண்ணால் மட்டும் வேண்டாம் என்றார்.

"மெஷின் இல்ல டாக்டர்" என்றான் ரோய்ஸ்டன். வீங்கிய வாயில் சொற்கள் குழறின. "எங்க அக்கா வீட்டுக்காரரும் அவரு தம்பியும் அடிச்சாங்க. நான் பக்கத்துலயே இருந்தேன்."

டாக்டர் படத்தை வைத்துவிட்டு, போலீசைக் கூப்பிட வெளியே போனார்.

"கெடுத்துட்டியேடா" என்றார் சீனி. அதுவரை மரியாதை தவறாமல் தம்பி என்றே அழைத்தவர். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வந்த போலீஸ்காரர் தமிழர். சட்டையில் தனேஸ்வரன் என்று பெயர் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து கேட்டார். ரோய்ஸ்டன் சொன்னான். வட்டு, படிமம், பூஜ்யம் எல்லாவற்றையும் சொன்னான். அவருக்கு அதில் பாதி புரியவில்லை. புரியாததைத் தாண்டிப் போகவும் அவர் விடவில்லை. குழாயைப் பற்றிக் கேட்டார். வைஸைப் பற்றிக் கேட்டார்.

"எத்தன சுத்து சுத்துனான்?"

ரோய்ஸ்டன் சீனியின் கையைப் பார்த்தான்.

"ரெண்டு" என்றார் சீனி, சுவரைப் பார்த்தபடியே. "மொத சுத்துல ஒடயல சார். ரெண்டாவதுலதான்."

போலீஸ்காரர் அதை எழுதினார். எழுதி முடித்து, ரோய்ஸ்டனை நிமிர்ந்து பார்த்தார்.

"மொத சுத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல நீ என்னா பண்ணிக்கிட்டு இருந்த?"

"சரி பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் ரோய்ஸ்டன்.

அதையும் அவர் எழுதினார்.