முதுகு காட்டிய படம்

காணாமல் போனவர்களின் படங்களை வாங்கி இணையத்தில் போடும் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தளத்தை ஓட்டுகிற, தினமும் மத்தியானம் மூச்சு முட்டி விழும் சர்வர் கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைக்கிற டாக்டர். வைத்தியமும் ஒன்றே ஒன்றுதான்: அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. அணைத்தால் மெமரியில் அடைந்து கிடப்பதெல்லாம் அழிந்து போய்விடும், சர்வரும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். அங்கே அதைத் 'தட்டி எழுப்புறது' என்பார்கள். சாப்பிடப் போகும் முன் கை கழுவுவது மாதிரி அதுவும் அவளுக்குப் பழகிவிட்டது.

படங்களைத் தனித்தனியாக வைத்தால் தொலைந்துவிடும் என்று பயந்து, யாரோ ஒரு புண்ணியவான் அத்தனையையும் டேட்டாபேஸுக்குள் திணித்து வைத்திருந்தான். யார் எந்தப் படத்தைத் திறந்தாலும் அது முழுசாக மெமரிக்குள் வந்துதான் வெளியே போக வேண்டும்.

அன்று காலை மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "டாக்டரம்மா, இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடுங்க. பிள்ளையத் தேடுறவங்க பக்கத்தைத் திறந்தா சைட்டு படுத்துக் கிடக்குது. நமக்குத்தான் திட்டு."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, கடைசியில் பிடித்துவிட்டாள். படத்தை அனுப்பிய பிறகு மெமரியில் இருக்கும் நகலை விடுவிக்கும் வரி எங்குமே இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு நகல் உள்ளேயே தங்கிவிடுகிறது.

"இந்த அல்ப விஷயத்துக்கா இத்தனை நாளா என் உயிரை வாங்கின?" என்று திரையைத் திட்டினாள். இரண்டே வரி எழுதினாள். சர்வரில் போட வேண்டியதுதான் பாக்கி.

போடுவதற்கு முன் ஒரு குறுகுறுப்பு. இத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும் மகராசன் யார் என்று பார்க்க, மெமரியில் கிடந்த நகல்களை வெளியே எடுத்தாள். ஏறக்குறைய எல்லாமே ஒரே படம். அவளுடைய அண்ணன்.

அண்ணன் வீட்டைவிட்டுப் போன அன்று, கடைக்குத்தான் போகிறான் என்று நினைத்து மாடி ஜன்னலிலிருந்து அவள் விளையாட்டாக எடுத்த படம் அது. தெருமுனையில் கட்டம் போட்ட சட்டை, முதுகு மட்டும். இந்தத் தளத்தில் அதைத்தான் போட வேண்டும் என்று அம்மா அடம்பிடித்தாள். "முதுகைப் பார்த்து எவன்மா அடையாளம் சொல்வான்?" என்று இவள் கேட்டதற்கு, "நான் சொல்வேன்டி" என்றாள்.

படத்தைத் திறந்தது அத்தனை முறையும் அவள் வீட்டிலிருந்துதான். அம்மா காலையில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தால், டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே மூடி மூடித் திறப்பாள். "இன்னைக்குப் பாதித் தெரு வந்துட்டான்டி" என்பாள். அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று பயந்து, நிஜ டாக்டரிடம் நாள்கூடக் குறித்து வைத்திருந்தாள் மகள்.

ஒரே படத்தின் நகல்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். இவை இல்லை. வரிசையாகத் திறந்தாள். முதலாவதில் முதுகு. அடுத்ததில் கழுத்து லேசாகத் திரும்பியிருந்தது. இன்னும் சிலவற்றைத் தாண்டியதும் முகம். நரைத்த தலை, சாயம் போன அதே சட்டை. ஒவ்வொரு நகலிலும் வீட்டை நோக்கி ஓரடி நெருங்கியிருந்தான். செருப்பு தேய்ந்து கிழிந்திருந்தது. டேட்டாபேஸில் இருந்த மூலப் படத்தைத் திறந்து பார்த்தாள். அதில் தெருமுனையில் அதே முதுகுதான்.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அண்ணன் இப்ப எங்க இருக்கான்?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா உனக்கு?" அம்மாவின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "பக்கத்து வீட்டைத் தாண்டிட்டான். தினமும் இப்படித்தான் வர்றான். மத்தியானம் ஆனா யாரோ பிடிச்சு இழுத்தாப்ல திரும்ப முனைக்கே போயிடறான்."

யாரோ இல்லை. தினமும் சாப்பிடப் போகும் முன் அவனை முனைக்குத் துரத்தியது இவள் கைதான்.

"பார்த்துக்கிட்டே இரும்மா. நிறுத்தாத."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "சைட்டு திணறுதே, தட்டி எழுப்பலையா?"

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

நகல்கள் வந்துகொண்டே இருந்தன. அண்ணன் வீட்டுக் கேட்டின் முன் நின்றான். கொண்டியில் கை வைத்தான். அடுத்ததில் நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தான், படம் எடுத்தவளைப் பார்ப்பதுபோல. ரொம்ப நாள் நடந்தவனின் முகம். அவள் அழுதேவிட்டாள்.

மெமரி நிரம்பியது. நிரம்பினால் சர்வர் யாரையும் கேட்காது, அதிகம் தின்கிற புரோகிராமைத் தானே கொன்றுவிடும். கொன்றது. ஒரு நொடி எல்லாம் நின்று, பிறகு புதுசாக ஓட ஆரம்பித்தது.

"போயிட்டான்டி," என்றாள் அம்மா. "முனைக்கே போயிட்டான்." செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வெளியே நடக்கும் சத்தம் போனில் கேட்டது. "கொண்டி சத்தம் கேட்டுச்சே, எட்டிப் பார்க்கலாம்னு வந்தேன். ஆள் யாரும் இல்ல. காத்தும் இல்ல. கொண்டி மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு."

இன்று யாரும் தட்டி எழுப்பவில்லை. இருக்கிற மெமரியில் அவனால் அவ்வளவு தூரம்தான் நடக்க முடிந்திருக்கிறது.

"என்னம்மா, வியாதி என்னன்னு தெரிஞ்சுதா?" மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எழுதி வைத்திருந்த இரண்டு வரிகளையும் அவள் அழித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புரோகிராமுல தப்பு ஒண்ணும் இல்ல சார். மெமரிதான் பத்தல. கூடப் போடணும்."

"எவ்வளவு வேணும்?"

கேட்டிலிருந்து வாசற்படி, படியிலிருந்து கூடம், கூடத்தில் அம்மாவின் நாற்காலி. மனசுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"இருக்கிறதுலயே பெருசா வாங்குங்க சார்."