திறக்குதான்னு பாரும்மா

“அம்மா, இப்ப நீ திறந்து பாரு. திறக்கலைன்னா என் வேலை முடிஞ்சுது.”

மகன் என் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டான். மருமகள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மூன்று நாளாக அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஹாலில் டி.வி.க்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. எங்கள் மூவர் கம்ப்யூட்டரும் அதோடு கோத்திருக்கும். போட்டோ, மருந்துச் சீட்டு எல்லாம் அதில்தான்; யார் எதை வேண்டுமானாலும் திறக்கலாம். போன வாரம் என் கண் டெஸ்ட் ரிப்போர்ட்டைத் தேடிப் போனவள், மருமகளின் ஃபோல்டருக்குள் நுழைந்தேன். வெறும் எண் போட்ட ஒரு ஸ்கேன். விட்டிருக்கலாம். திறந்தேன். எட்டு வாரக் கரு. துடிப்பு இல்லை. இரண்டு மாதம் முன்பு, வயிற்று வலி என்று அவள் நான்கு நாள் படுத்திருந்தாள். “கண்டதையும் வெளியில சாப்ட்டா அப்படித்தான்” என்று அன்றைக்குச் சொன்னவளும் நான்தான்.

அதோடு விட்டேனா? முப்பது வருஷம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் ஊறின கை. தேதி, பெயர், கண்டது என்ன என்று தலைப்பில் எழுதாத ஒரு காகிதத்தை அலமாரியில் ஏற்றாத கை. அது பாட்டுக்கு அந்த எண்ணை அழித்து, மூன்றையும் தலைப்பாகத் தட்டிவிட்டது.

இரண்டே நாளில் அவள் பார்த்துவிட்டாள்.

“அத்தை, என் ஃபோல்டர்ல எதையாவது பாத்தீங்களா?”

“எனக்கெதுக்கும்மா உன் ஃபோல்டர்? என் கண் ரிப்போர்ட்டோட சரி.”

பிறகு அவர்கள் அறைக்குள்ளிருந்து சுவர் வழியே கேட்டது.

“யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னேன்ல? தலைப்புலயே எழுதி வெச்சிருக்கீங்க!”

“சத்தியமா நான் இல்லடி.”

“அப்ப அந்தப் பெட்டியே எழுதிக்கிச்சா?”

சமையலறையில் நான் உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவன் பூட்டிவிட்டான். “ஆளுக்கொரு பாஸ்வேர்டு. இனிமே உன்னுது நான் நெனச்சாலும் திறக்காது, போதுமா?” என்று அவளைப் பார்த்தான்.

“எதைத் திறக்கணும்?” என்று கேட்டேன், ஒன்றும் அறியாதவள்போல. கேட்டு முடிப்பதற்குள் என் கை நேராக அவள் ஃபோல்டரின் மேல் போய் நின்றது. மருமகள் என் கையைப் பார்த்தாள். அழுத்தினேன்.

‘உங்களுக்கு அனுமதி இல்லை.’

“அப்பாடா! பெத்தவளுக்கே கதவைச் சாத்தியாச்சு!” சிரித்துக்கொண்டே, தன் கம்ப்யூட்டரிலும் சரிபார்க்க ஹாலுக்குப் போனான்.

“நான்தாம்மா,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “பாத்ததும் நான், எழுதினதும் நான். அவன் இல்ல.”

அவள் கதவு நிலையை விட்டு என் பக்கத்தில் வந்தாள்.

“டாக்டரே வந்து நின்னாலும் கையெழுத்து வாங்காம ஃபைலைப் பிரிக்க மாட்டேன்னு எத்தனை தடவை சொல்லிருக்கீங்க, அத்தை.”

என்னால் தலை நிமிர முடியவில்லை.

“கேட்டிருந்தா என்னிக்காவது நானே சொல்லிருப்பேன்.”

போய்விட்டாள். ஹாலில் அவள் குரல்: “ஏங்க, உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மூணு நாளா வறுத்தெடுத்துட்டு, இப்ப என்ன திடீர்னு? அப்ப யாருதான் எழுதினது?”

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஹால் பத்தடி தூரம்தான்.