வாலுக்குச் சொன்ன எச்சரிக்கை

மஸ்ஊதின் மனைவி ஸாலிஹா தாய்வீட்டுக்குப் போய் நான்கு நாளாகிறது. தண்ணீர்ச் சாடியை நகர்த்தினாளாம், ஈரமண்ணில் குருட்டுப் பாம்பு நெளிந்ததாம். அது போகிறவரை இந்த வாசலை மிதிக்கமாட்டேனென்று மூட்டையைக் கட்டிவிட்டாள்.

அவனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மண்புழு மாதிரி மெல்லிசு, கடிக்கத் தெரியாது, கறையானைத் தின்று கிடக்கிற ஜீவன். இந்த சுகுத்ராத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது கிடையாதென்று கப்பலில் வந்த படிப்பாளிகள் ஆசையாய்ப் படமெடுத்துப் போனார்கள். அதைப் பார்த்தா இத்தனை கோபம்?

அடித்துப் போடவும் வழியில்லை. வீட்டுக்குள் வந்த பாம்பு ஜின்னாக இருந்து தொலைத்தால்? மூன்று நாள் போகச் சொல்லிப் பார்த்த பிறகுதான் கல்லைத் தொடலாமென்பது மார்க்கம். ஆகவே தினமும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் சாடியை நகர்த்தி, மண்டியிட்டுப் பேசினான். ஆடுகளை அதட்டியே பழகிய வாய் அது. எப்படித்தான் அவ்வளவு குழைந்ததோ!

மூன்றாம் நாள் சாட்சிக்கு ஸாலிஹாவின் அண்ணன் ஜம்ஆன் வந்தான். குந்தி உட்கார்ந்து, ஒரு துரும்பால் பாம்பை லேசாகத் தொட்டான். அது மறுமுனையால் மண்ணைத் துளைக்கத் தொடங்கியது.

"மச்சான், தலை அந்தப் பக்கம். மூணு நாளா நீ வாலுகிட்டதான் கெஞ்சியிருக்கே."

மஸ்ஊத் குனிந்து உற்றுப் பார்த்தான். கண்ணுமில்லை, இரண்டு முனையும் ஒரே மாதிரி. வாலுக்குச் சொன்னது செல்லுமா? செல்லாதென்றால் அவள் வர இன்னும் மூன்று நாளா? அழுகையே வந்துவிட்டது. சுற்றிப்போய் மறுபடி மண்டியிட்டான்.

"உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ போனாத்தான் அவ வருவா. அவ இல்லாம எனக்குச் சோறு இறங்கல."

"யாரு இல்லாம?"

வாசலில் ஸாலிஹா, இடுப்பில் மூட்டையோடு. அண்ணனோடு வந்தவள் வெளியிலேயே நின்றிருக்கிறாள். பாம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறதென்று அவன் தடுமாறினான்.

"எங்க பேரீச்சந்தோப்புல இதுங்களப் பாத்துதான் வளந்தேன். இதுக்கா பயப்படுவேன்?"

"அப்ப எதுக்குப் போனே?"

"கல்யாணமாகி ஆறு மாசம். ஆட்டக் கட்டு, சோத்தப் போடு. அதத் தவிர என்கிட்ட என்ன பேசியிருக்கீங்க?"

மஸ்ஊத் பாம்பின் பக்கமே பார்வையைத் திருப்பிக்கொண்டான். ஜம்ஆன் நைசாக வெளியே நழுவினான்.

"புதுசா ஒண்ணும் வேணாம்," என்றாள் ஸாலிஹா. "அதுகிட்ட சொன்னதையே இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

பாம்பு மண்ணுக்குள் போகும்வரை பொறுத்திருந்து, அவளே சாடியைப் பழைய இடத்தில் வைத்தாள்.